வளைவில் நிற்கும் பச்சை வண்டி

மான் வேட்டை தொடங்கிய மறுநாள் மத்தியானம், காபி வாங்கலாமென்று ஊர்க்கோடி பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினேன். உள்ளே நாலைந்து பேர் ஆரஞ்சு மேல்சட்டையோடு ஹீட்டரைச் சுற்றி நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், ஊருக்கே தெரியும். "என்ன எல்மர், என் தலையைத்தான் உருட்டிட்டு இருந்தீங்களா?" என்றேன்.

எல்மர் ரோட்டில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர். தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டினார். "டுவேன் நேத்து காலையில காட்டுக்குப் போனவன் இன்னும் வீடு திரும்பல, வெர்னா. ஷெரிப் ஆளுங்க எல்லா ரோட்டையும் பார்த்துட்டாங்க. அவன் வண்டி எங்கயுமே இல்ல."

டுவேன் பெயரைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் காடு அரசாங்கக் காடு. யாருக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லாருக்கும் சொந்தம். அங்கே சட்டத்தைவிட மரியாதைதான் பெரிது. காட்டு ரோட்டோரம் ஒரு வண்டி நின்றால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம், நீ அந்தப் பக்கம் நுழையக் கூடாது. வேண்டுமானால் பானெட்டைத் தொட்டுப் பார்க்கலாம். சூடாக இருந்தால் இப்போதுதான் போயிருக்கிறான், ஜில்லென்று இருந்தால் விடியும் முன்பே போய்விட்டான். பார்த்துவிட்டு அடுத்த வளைவுக்குப் போய்விட வேண்டும். தப்பித்தவறி உள்ளே நுழைந்து அவன் கண்ணில் பட்டால், அவன் கையைத் தூக்குவான். நீயும் கையைத் தூக்கி, வந்த வழியே திரும்ப வேண்டும். பேசினால் மான் ஓடிவிடும்.

இந்த மரியாதைதான் என் தம்பி லைலைக் கொன்றது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஹெம்லாக் வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனவன், மரப்பரணிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து கிடந்தான். அவனுடைய பச்சை பிக்கப் ரோட்டோரத்தில் நாள்கணக்கில் நின்றது. ஊரே அதைப் பார்த்தது. ஊரே மரியாதையாக ஒதுங்கிப் போனது. நான் அப்போது ஆபரேஷன் முடிந்து டுலூத் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். அவனைத் தேட வேறு நாதியில்லை. முதலில் வண்டியைப் பார்த்தவன் டுவேன்தான். அடக்கத்தன்று என்னிடம் வந்து, "ஆள் இருக்கான்னு ஒதுங்கிட்டேன் வெர்னா, வழக்கம்தானே" என்றான். அன்றிலிருந்து அவன் முகத்தில் நான் விழித்ததில்லை.

"எல்லா ரோடும்னா? ஹெம்லாக் வளைவுலயும் பார்த்தாங்களா?" என்று கேட்டேன்.

"அங்க லைல் வண்டி நிக்குது" என்றார் எல்மர், ரொம்ப மெதுவாக.

இது பழைய கதை. அந்தப் பச்சை வண்டியை நானேதான் பழைய இரும்புக்குப் போட்டேன். அதை நசுக்கியதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனாலும் வருஷா வருஷம் வேட்டையின் முதல் விடியலில் அது வளைவில் நிற்கிறது, வெளிச்சம் வந்ததும் காணாமல் போகிறது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். குடித்துவிட்டு உளறுகிறார்கள் என்று நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

"எப்போ பார்த்தீங்க?"

"நேத்து விடியக்காலம். அப்புறம் சாயங்காலம். இன்னிக்குக் காலையிலயும் நிக்குது. இந்தத் தடவை அது போகவே இல்ல, வெர்னா."

"பார்த்துட்டு என்ன பண்ணீங்க?"

எல்மர் தரையைப் பார்த்தார். "வண்டி நிக்குதே. ஒதுங்கிப் போயிட்டோம்."

"ஷெரிப் ஆளுங்க?"

"அவங்களும்தான்."

"செத்தவனுக்கு என்னா மரியாதை. அவன் உயிரோட கிடந்தப்ப ஒரு நாய் எட்டிப் பார்க்கல" என்று சொல்லிவிட்டு, காபி வாங்காமலே வெளியே வந்தேன். டுவேன் மேல் எனக்குப் பாசமெல்லாம் பொங்கவில்லை. ஆனால் இன்னொரு ஆள் அதே இடத்தில், அதே மாதிரி கிடந்து சாவதை என்னால் பொறுக்க முடியாது.

காட்டு ரோட்டில் பனி கணுக்கால் வரை கிடந்தது. நவம்பரில் எங்களுக்கு சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. மத்தியானம் முடிந்தால் இருட்டுதான். இரண்டு பக்கமும் ஹெம்லாக் மரங்கள் நெருக்கியடித்து நின்றன. ஏரிக்காற்றுகூட அங்கே நுழையவில்லை. என் வண்டியின் சக்கரம் பனியை நசுக்கும் சத்தம் மட்டும்தான்.

வளைவு திரும்பினேன்.

பச்சை வண்டி நின்றது.

கதவோரம் துரு. முன்கண்ணாடியில் அவன் ஒட்டிய மீன் ஸ்டிக்கர். பின்கதவில் நான் போட்ட நெளிவு. அவனிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டபோது ரிவர்ஸில் போய் சர்ச் கம்பத்தில் இடித்தேன். என்னைக் கேலி பண்ணுவதற்காகவே அவன் கடைசிவரை அதைச் சரிபண்ணவில்லை. நசுக்கிப் பார்த்த இரும்பு என் முன்னால் முழுசாக நிற்கிறது.

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வழக்கப்படி நான் பானெட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். நான் நேரே பின்பக்கம் போனேன். கையுறையைக் கழற்றி அந்த நெளிவில் கை வைத்தேன்.

நெளிவு இல்லை.

கண்ணுக்கு முஷ்டி அளவு பள்ளம் தெரிகிறது. கைக்கு வழவழவென்று தகடு தட்டுகிறது. உள்ளங்கையை நகர்த்திக்கொண்டே போனேன். துரு தெரிந்த இடத்தில் துரு இல்லை. பழைய கண்ணாடி தெரிந்த இடத்தில் விரல் புதுக் கண்ணாடியில் வழுக்கியது. நான் தொட்டுக்கொண்டிருந்தது டுவேனின் புது வண்டியை. ஊரே தேடுகிற வண்டி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது, என் தம்பியின் வண்டியைப் போர்த்திக்கொண்டு.

"அடப்பாவி லைல்" என்றேன். "இதுவா உன் வேலை?"

உள்ளே நடந்தேன். பனியில் ஓர் ஆளின் சுவடு பாதி மூடிக் கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனேன். சதுப்பு நிலத்தை நெருங்க நெருங்க அழுகிய தேவதாரு இலையின் வாடை வந்தது. அதனூடே இன்னொரு வாடை. லைல் மெல்லும் புதினாப் புகையிலை.

மரங்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறம் தெரிந்தது.

ஒரு ஆள். அசையாமல்.

அவன் கையைத் தூக்கினான்.

இடது கை. மோதிரவிரல் பாதிதான் இருந்தது. மீதியை மரம் அறுக்கும் மில்லில் ரம்பம் எடுத்துக்கொண்டபோது அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவள் நான்தான்.

என் கை தானாக மேலே எழும்பியது. அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிப்போனது, கை தூக்கினால் கை தூக்குவோம், திரும்புவோம். பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் கீழே இழுத்தேன். அவனை நோக்கி நேராக நடந்தேன். நெருங்கியதும் அங்கே யாருமில்லை. இன்னும் உள்ளே, வேறொரு மரத்தடியில், அதே கை. சரிதான், எங்கே போகாதே என்கிறானோ அங்கேதான் எனக்கு வேலை இருக்கிறது என்று அந்தக் கையைப் பார்த்தே வழி கண்டுபிடித்துப் போனேன். என் வாழ்நாளில் நான் செய்த பெரிய மரியாதைக்கேடு அதுதான்.

டுவேன் ஒரு மரத்தடியில் கிடந்தான். மேலே பரணின் வார் அறுந்து தொங்கியது. அவன் துப்பாக்கி எட்டாத உயரத்தில் கிளையில் மாட்டியிருந்தது. ஒரு கால் போகக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது, ஆனால் கண் அசைந்தது.

"வெர்னா" என்றான். "நீ நிஜமா?"

"இல்ல, தேவதை. வாயை மூடிட்டு இதைக் குடி." கோட்டுப் பையிலிருந்த பிளாஸ்கில் காலையில் போட்ட காபி கொஞ்சம் மிச்சமிருந்தது. என் கோட்டைக் கழற்றி அவன் மேல் போட்டேன்.

"அவன் வந்தான்" என்று கிசுகிசுத்தான். பல் கிட்டித்துப்போய் வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "அதோ அங்க வந்து நிப்பான். நான் கையைத் தூக்கி, காப்பாத்துப்பான்னு கத்துவேன். அவனும் கையைத் தூக்குவான். திரும்பிப் போயிடுவான். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் வருவான். ராத்திரி பூரா, வெர்னா."

"ஏன் அப்படிச் செய்றான்?"

அவன் அழுதான். "நான் வண்டியை மட்டும் பார்க்கல. அன்னிக்கு உள்ளேயும் வந்தேன். அவன் தரையில கிடந்து கையைத் தூக்கினான். உக்காந்திருக்கான்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். நானும் கையைத் தூக்கிட்டுப் போயிட்டேன்."

ஆறு வருஷமாக நான் வெறுத்தது வண்டியை மட்டும் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போன ஒருத்தனை. இப்போது என் காலடியில் கிடந்தவன், என் தம்பி உயிரோடு கை நீட்டியதைப் பார்த்துவிட்டுப் போனவன். கோட்டைத் திரும்ப உருவிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. பொய் சொல்லவில்லை, தோன்றியது.

நிமிர்ந்தேன்.

லைல் நின்றான். இந்த முறை மிக அருகில். தொப்பிக்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனி மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

கையைத் தூக்கினான்.

தூக்கியபடியே காத்திருந்தான்.

அவன் என்ன கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. நானும் தூக்க வேண்டும். வந்த வழியே போக வேண்டும். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. வண்டி நின்றது, ஒதுங்கி வந்தேன் என்றால் போதும். டுவேனுக்கும் புரிந்திருந்தது. என் கணுக்காலைப் பிடித்தான். அவன் விரல்கள் மரக்கட்டையாக இருந்தன.

"மாட்டேன்" என்றேன்.

லைலின் கை இறங்கவில்லை.

"தூக்க மாட்டேன்டா. உனக்காக நான் அழாத நாளில்ல. இவன் செஞ்சதை நெனச்சா எனக்கு இவனை இங்கயே கொல்லணும் போல இருக்கு. ஆனா இவன் செஞ்சதை நான் செய்ய மாட்டேன். நீயும் செய்யாதே. நீ என் தம்பி. இந்த ஊர்க்காரனுங்க மாதிரி ஆயிடாதே. கையைக் கீழ போடு, லைல்."

துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கி மூன்று முறை சுட்டேன். மூன்று வெடி கேட்டால் எங்கள் காட்டில் யாராக இருந்தாலும் ஓடி வர வேண்டும். அதுவும் எங்கள் வழக்கம்தான். கடைசி வெடியின் எதிரொலி அடங்கியபோது அந்த மரத்தடி காலியாக இருந்தது.

எல்மரும் மற்றவர்களும் டார்ச்சோடு வந்தார்கள். வெட்கப்பட்டு என் பின்னாலேயே கிளம்பி வந்து, வளைவில் நுழையப் பயந்து நின்றிருந்தார்களாம். "வெர்னா, ரோட்டுல டுவேன் வண்டி நிக்குது" என்றார் எல்மர். "சத்தியமா இத்தனை நேரம் பச்சையாத்தான் தெரிஞ்சது."

டுவேன் பிழைத்துக்கொண்டான். கால்விரல்கள் சில போயின. அவனை நான் மன்னிக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. ஆனால் வளைவில் நான் அடித்த பலகைக்கு மரம் கொடுத்தவன் அவன்தான். "வண்டி நின்றால் உள்ளே போய் ஆளைக் கேள்" என்று எழுதியிருக்கிறேன். வன அதிகாரி அதைப் பிடுங்கிப் போடுகிறார், நான் திரும்ப அடிக்கிறேன். அநாகரிகம் பிடித்தவள் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

இந்த வருஷம் வேட்டையின் முதல் நாள், நானே அந்த வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். லைல் விழுந்த மரத்தடியில் உட்கார்ந்தேன். மான் ஒன்றும் வரவில்லை, வேறு யாரும் வரவில்லை. மத்தியானம் திரும்பினேன்.

என் வண்டியின் பானெட்டில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அதன் நடுவில் ஒரு உள்ளங்கை அச்சு, தண்ணீராக உருகியிருந்தது. மோதிரவிரல் பாதிதான்.

யாரோ நான் உள்ளே போய் எவ்வளவு நேரமாயிற்று என்று தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

பூட்ஸ் சுவடுகள் காட்டிலிருந்து வந்திருந்தன. பானெட் அருகே கொஞ்ச நேரம் நின்றிருந்தன. பிறகு வண்டியைச் சுற்றி மறுபக்கக் கதவு வரை போயிருந்தன.

அங்கிருந்து திரும்பிப் போன சுவடு இல்லை.

ரொம்ப நேரம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் என் பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். உள்ளே புதினாப் புகையிலை வாடை.

"பெல்ட்டைப் போடுடா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஊர் எல்லை வருவதற்குள், பக்கத்து சீட்டின் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது.