வெள்ளிக்கிழமை வரேன்

ஆற்றங்கரைப் பூங்காவுக்குள் இருக்கும் அந்த அருங்காட்சியகத்துக்கு நாங்கள் சரித்திரம் படிக்கப் போகவில்லை. ஏர்கோன் உண்டு, கட்டணம் கிடையாது, கழிவறை சுத்தம். இந்த மூன்றும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தால் எழுபது வயதுக்காரனுக்கு அதுவே புண்ணியத் தலம். என் மனைவி வீரம்மாவுக்கு முழங்கால் வலி. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பண்டமாரானில் எங்கள் வீட்டுச் சாலையில் நடந்தால் கொண்டெய்னர் லோரிகள் எங்களையே சரித்திரமாக்கிவிடும். முப்பத்தோரு வருஷம் அந்த லோரிகளை ஓட்டியவன் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி. கிள்ளான் ஆறு ஆறிப்போன தே தாரிக் டீயின் நிறத்தில் கிடந்தது. கட்டடம் வெள்ளைக்காரன் காலத்து ஜெட்டிக் குடோன், படகுத்துறைக் கிடங்கு. கப்பலில் வந்த நம் ஆட்களை அங்கே உட்கார வைத்து, சிறு படகுகளில் ஏற்றி, மேலே தோட்டங்களுக்கு அனுப்புவார்களாம். சுவரெல்லாம் படங்கள். படங்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

முன்கூடத்தில் முதலைப் பொம்மை ஒன்று இருந்தது. அதன் வாய்க்குள் கையை விட்டுப் பல்லை எண்ணிக்கொண்டிருந்தேன். வீரம்மா கடைசி அறைவரை போய்விட்டாள். எட்டிப் பார்த்தேன். ஆற்றைப் பார்த்த ஜன்னல், அதன் கீழே நீளமான மர பெஞ்சு. வேறு எதுவும் இல்லை. வீரம்மா பெஞ்சின் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தாள். சுங்கை வேயில் இருக்கும் மகளோடு கைப்பேசியில் பேசுகிறாள் என்று நினைத்து முதலையிடமே திரும்பிவிட்டேன்.

அந்த அறையில் மட்டும் ஈரச் சாக்கு நாற்றம் அடித்தது. பழைய கட்டடம்தானே என்று விட்டேன்.

வீடு திரும்பும்போதுதான் வீரம்மா சொன்னாள். பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாளாம். சின்ன வயது, மடியில் துணி மூட்டை. அருங்காட்சியகத்துக்காக வேஷம் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள் என்று இவள் நினைத்துக்கொண்டாள். எந்த ஊர், எத்தனை பிள்ளை என்றெல்லாம் விசாரித்தாளாம். கிளம்பும்போது வழக்கப்படி, "சரிம்மா, போய்ட்டு வரேன்" என்றிருக்கிறாள்.

"எப்ப?" என்று கேட்டாளாம் அந்தப் பெண்.

"நான் சும்மாதான் வெள்ளிக்கிழமை வரேன்னேன். அந்தப் புள்ளைக்கு மூஞ்சி சுண்டிப் போச்சுங்க. எல்லாரும் வரேன்னுதான் சொல்லிட்டுப் போனாங்கன்னு சொல்லுது."

வீரம்மாவின் கைப்பேசி வீட்டில், சார்ஜில் கிடந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பச்சை மிளகாய் வாங்கப் பாசாருக்குப் போனவள் இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். பையில் மிளகாய் இருந்தது. கணுக்கால்வரை சேறு. எங்கே போனாய் என்று கேட்டதற்கு, "பாசாருக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே காலைக் கழுவினாள். கடல் தண்ணீர் ஏறும் இடத்துச் சேற்றுக்கு ஒரு சாம்பல் நிறம் உண்டு. எங்கள் பாசாரில் அந்தச் சேறு கிடையாது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நான் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மூன்றரைக்குக் குளியலறைக்குப் போய் வந்தேன். ஆள் இல்லை. கேட் பூட்டியபடியே இருந்தது.

எப்படிக் கார் ஓட்டினேன் என்று கேட்காதீர்கள்.

பழைய ஜெட்டிக்குக் கீழே, முழங்கால் அளவு சேற்றில், ஆற்றைப் பார்த்து நின்றிருந்தாள். பட்டுப் புடவை, தலையில் மல்லிகை. கல்யாண வீட்டு வாசலில் நிற்பவள்போல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ள இன்னும் கொஞ்சம் உள்ள வரச் சொல்லுதுங்க" என்றாள்.

பூங்காவில் புல் வெட்டிக்கொண்டிருந்த இம்ரான் என்பவர் மெஷினைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். இராமநாதபுரத்துக்காரர், வேலை பெர்மிட்டில் வந்து ஐந்து வருஷமாகிறது. இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். சேறு லேசில் விடவில்லை. கரை ஏறியதும் வீரம்மா ஆற்றுப் பக்கம் திரும்பினாள். கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷப் பழக்கம், மரியாதை தெரிந்த பெண்பிள்ளை.

"வரேன்மா" என்றாள்.

இம்ரான் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அவர் என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவரோடு வேலை செய்த சதீஷ்குமார் என்பவரும் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு சாயங்காலமும் கிளம்பும்போது, "நாளைக்கு வரேன்க்கா" என்பாராம். பெர்மிட் முடிந்தது. ஊருக்குக் கிளம்பினார். விமான நிலையத்தில் இருக்க வேண்டிய ஆள், ஆற்று முகத்துவாரத்தில் கிடைத்தார். டிக்கெட் சட்டைப்பையிலேயே ஊறிப்போயிருந்தது.

"அதுலேர்ந்து நான் எதுவும் சொல்றதில்ல அங்கிள். வாயை மூடிட்டுப் போயிருவேன்" என்றார் இம்ரான்.

அடுத்த வெள்ளி இடுப்பளவு. அதற்கடுத்த வெள்ளியைக் கணக்குப் போட எனக்குத் தைரியம் இல்லை. வாழ்நாளில் எத்தனையோ பேரை வாயாலேயே ஏமாற்றியிருக்கிறேன். ஒரு வார்த்தையால் வந்தது இன்னொரு வார்த்தையால் போகும் என்று தோன்றியது. வீரம்மாவே அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகப் "போறேன்" என்று சொல்லிவிட வேண்டும்.

சொல்வது சுலபம். நம் வீடுகளில் படியிறங்கும் எவரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. நிஜமாகவே போகிறவர்கள் சொல்லாமல் போய்விடுகிறார்கள். மற்றவர்கள் வரேன் என்கிறார்கள்.

வீரம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், "சுமங்கலி வாயால சொல்ற வார்த்தையாங்க அது?" என்று அழுதாள். வெறும் வார்த்தைதானே என்றேன். மிளகாய் வாங்கப் போன அன்று காலில் இருந்த சேற்றை நினைவுபடுத்தினேன்.

நான்காம் வெள்ளிக்கிழமை, மூன்றே முக்கால். அவள் மணிக்கட்டை என் துண்டால் என் மணிக்கட்டோடு கட்டிக்கொண்டு உள்ளே போனோம். வரவேற்பு மேசையில் இருந்த பெண் எங்களைப் பார்த்து, வயதான காலத்தில் எவ்வளவு அன்பு என்பதுபோல் சிரித்தாள். இம்ரான் கடைசி அறையின் வாசலோடு நின்றுகொண்டார்.

ஏர்கோன் சத்தம் நின்றது.

ஈரச் சாக்கு நாற்றம். அதற்கடியில் மீன் செதில் வாடை, தலைக்குத் தேய்த்த எண்ணெய் வாடை.

பெஞ்சில் யாரும் இல்லை. ஆனால் பெஞ்சின் நடுவிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சொட்டு.

சொட்டு.

வீரம்மா அந்தப் பெஞ்சைப் பார்த்து முகம் மலர்ந்தாள். துண்டு இறுகியது. அவ்வளவு பலம் அந்த முழங்கால் வலிக்காரிக்கு இல்லை. என் செருப்பு தரையில் வழுக்கியது.

"சொல்லு" என்றேன் மெதுவாக.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"சொல்லு வீரம்மா. நீ இல்லாம நான் சோறு வடிக்கத் தெரியாதவன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் போறேன்மா. இனிமே வரமாட்டேன். மன்னிச்சிரு."

சொட்டுச் சத்தம் நின்றது. பிறகு பெஞ்சிலிருந்து குரல் வந்தது. சின்னப் பெண்ணின் குரல், கோபமே இல்லாத குரல். அன்றுதான் முதல்முறையாக என் காதிலும் விழுந்தது.

"சரி. அப்ப நான் வரேன்."

ஏர்கோன் ஓட ஆரம்பித்தது. நாற்றம் துடைத்துவிட்டாற்போல் போய்விட்டது. பெஞ்சு காய்ந்திருந்தது. வீரம்மா கண்ணைத் திறந்து, கை வலிக்கிறது, துண்டை அவிழுங்கள் என்றாள். அவள் முகத்தில் மூன்று வாரமாக இல்லாத களை வந்திருந்தது. அறுபத்தெட்டு வயதுக்காரியைப் பொது இடத்தில் கட்டிக்கொள்ளக் கூடாது என்று சட்டம் இருந்தால் அன்று என்னைப் பிடித்திருப்பார்கள்.

வெளியே வந்ததும் இம்ரான் கிசுகிசுப்பாகக் கேட்டார், என்ன சொல்லிச்சு என்று.

"வரேன்னு சொல்லிட்டுப் போயிருச்சு லா. நல்ல வளர்ப்பு" என்றேன்.

இம்ரான் சிரிக்கவில்லை.

"போயிட்டு வரேன்னுச்சா அங்கிள், வரேன்னு மட்டும் சொல்லுச்சா?"

நான் யோசித்தேன்.

வரேன் என்று மட்டும்தான்.

இம்ரான் கார்வரை எங்களோடு வரவில்லை.

மகள் வாங்கிக் கொடுத்த புதுக் கார் அது. யாராவது பெல்ட் மாட்டாமல் உட்கார்ந்தால் டிங் டிங் என்று நச்சரிக்கும். வீரம்மா முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட் மாட்டினாள். நானும் மாட்டினேன். பூங்கா கேட்டைத் தாண்டியதும் கார் சத்தம் போட ஆரம்பித்தது.

மீட்டருக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு. பின்சீட்டு, நடு இடம்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. கிள்ளான் பாலத்தில், சிக்னலில், பண்டமாரான் முனையில், டிங் டிங் என்று அது கூடவே வந்தது. ஜன்னலையெல்லாம் திறந்தேன். காற்று வந்தது. சத்தம் குறையவில்லை. வீரம்மா ஒன்றும் கேட்காதவள்போல் சாலையைப் பார்த்துக்கொண்டு, இரவுக்கு ரசம் வைக்கட்டுமா என்றாள். வை என்றேன்.

வீட்டு வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். விளக்குகள் அணைந்தன. சத்தம் அணையவில்லை.

வீரம்மா இறங்கி, கேட்டைத் திறந்தாள். வாசல் விளக்கைப் போட்டாள். பிறகு நிதானமாகத் திரும்பி வந்து, காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். முகத்தில் அதே மலர்ச்சி. யாராக இருந்தாலும் வாசல்வரை வந்துவிட்டவர்களிடம் அவள் சொல்வது ஒன்றுதான்.

"வாம்மா. உள்ள வா."

சத்தம் நின்றது.