கரிசல் காயும் வரை

ஆஸ்லினுக்கு உட்காரத் தெரியாது. ஓடத் தெரியும், குதிக்கத் தெரியும், கதவைப் பிடித்துத் தொங்கத் தெரியும். இட்லி சாப்பிடும்போது கூட ஒரு வாய்க்கு ஒரு தடவை வாசல் வரை போய்விட்டு வருவாள்.

“காலுல சக்கரத்தக் கட்டிக்கிட்டே பொறந்திருக்கா” என்பாள் அம்மா.

அம்மா சபிதா கோவில்பட்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா ரெஜினுக்குக் கயத்தாற்றில் லாரி உதிரிபாகக் கடை. இருவருக்கும் வேலை சரியாக இருக்கும். அதனால், வீடு சுத்தம் செய்து தரும் ஒரு கம்பெனியிலிருந்து ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை பிரேமா அக்கா வருவார். நீலச் சட்டை போட்டுக்கொண்டு, தூசி உறிஞ்சும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வருவார்.

அவர் போன பிறகு வீடு பளபளவென்று இருக்கும். மறுநாள் சர்ச்சுக்குப் போய் வருவதற்குள் அந்தப் பளபளப்பு போன இடம் தெரியாது.

தம்பி ஆண்ட்ரூஸ் பாலைக் கொட்டுவான். அப்பா துண்டை சோபாவில் போடுவார். அம்மா துவைத்த துணியை நாற்காலியில் குவிப்பாள். ஆஸ்லின் எதை எங்கே போடுவாள் என்று அவளுக்கே தெரியாது. போட்டுவிட்டு ஓடிவிடுவாள்.

யாராவது கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான். “அதான் பிரேமாக்கா வருவாங்கல்லா!”

போன தடவை பிரேமா அக்கா வந்தபோதுதான் அது நடந்தது.

சாயங்காலம் ஆகிவிட்டது. பிரேமா அக்கா இன்னும் ஹாலில் முட்டிபோட்டு உட்கார்ந்து, சுவரில் இருந்த மெழுகுக் கிறுக்கலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆஸ்லின் மேஜைக்கு அடியில் பந்தைத் தேடிக்கொண்டிருந்தாள். பிரேமா அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

“யம்மா, செமி பைனல் ஜெயிச்சிட்டோம்! நீ வருவேன்னு கேலரியப் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“வேல முடியல தாயி. கெளம்பலாம்னு பாத்தேன். முடியல.”

“எப்பவும் இப்படித்தான் சொல்லுத. இன்னும் ரெண்டு வாரத்துல பைனல். அதுக்காச்சும் வாரியா?”

“அன்னைக்கும் சனிக்கிழமையால்லா இருக்கு.” பிரேமா அக்கா சுவரில் மிச்சமிருந்த கிறுக்கலைப் பார்த்தார். “பாப்போம் தாயி.”

போனை வைத்துவிட்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சுரண்ட ஆரம்பித்தார்.

அந்தக் குரல் ஆஸ்லினுக்குத் தெரியும். அவளுடைய பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் முத்துத்தாய் அக்கா! ஹாக்கி டீமின் கோல்கீப்பர். பெரிய பெரிய கால்கவசம் கட்டிக்கொண்டு நிற்கும் முத்து அக்காவைத் தெரியாத பிள்ளை அந்தப் பள்ளியில் கிடையாது.

முத்து அக்காவின் அம்மா ஒரு ஆட்டத்தைக் கூடப் பார்த்ததில்லையா? சுவரில் இருந்த அந்தக் கிறுக்கல் யாருடையது என்றும் ஆஸ்லினுக்குத் தெரியும். அவளுடையதுதான். ராக்கெட் வரைந்திருந்தாள். மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வரவே வெட்கமாக இருந்தது.

அடுத்த தடவை பிரேமா அக்கா சீக்கிரம் கிளம்பியே ஆக வேண்டும். அதற்கு வீடு இப்படி இருக்கக் கூடாது. அன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னாள்.

“அடடா” என்றார் அப்பா. சோபாவில் கிடந்த துண்டைப் பார்த்தார். பார்த்ததோடு சரி.

“நான் பாத்துக்கிடுதேன்” என்றாள் ஆஸ்லின்.

“நீயா?” என்று சிரித்தாள் அம்மா. “ஒரு எடத்துல நில்லு மொதல்ல.”

ஆனால் ஆஸ்லின் நிற்கவில்லை. அங்கேதான் அவளுக்கு யோசனை வந்தது. எப்படியும் வீடெல்லாம் ஓடத்தான் போகிறோம். ஓடும்போது வெறுங்கையோடு ஏன் ஓட வேண்டும்?

மறுநாள் முதல், அவள் ஹாலிலிருந்து அடுப்படிக்கு ஓடினால் கையில் ஒரு எச்சில் தம்ளர் இருந்தது. அடுப்படியிலிருந்து படுக்கையறைக்கு ஓடினால் மடித்த துணி இருந்தது. வாசலுக்கு ஓடினால் குப்பை வாளி இருந்தது. ஆண்ட்ரூஸ் பாலைக் கொட்டினால் கொட்டிய சூட்டோடு துணி வந்துவிடும்.

“ஏலே, நீயும் சும்மா ஓடாத. அந்தப் பொம்மக் காரத் தூக்கிட்டு ஓடு” என்று தம்பியையும் விரட்டினாள்.

அப்பா ஒருநாள் துண்டைச் சோபாவில் போட்டுவிட்டுத் திரும்பினார். துண்டைக் காணோம். கொடியில் தொங்கியது. “பேய் கீய் இருக்கா இந்த வீட்ல?” என்று கேட்டார். அடுத்த நாள் அவரே கொடியில் போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தரை தெரிந்தது. சோபா தெரிந்தது. பிரேமா அக்கா வந்து போய் இரண்டு வாரத்துக்குப் பிறகு வீடு இப்படி இருந்ததே இல்லை. அம்மா ஆஸ்லினை இழுத்து ஒரு முத்தம் கொடுத்தாள். அதற்கு மேல் பிடித்து வைக்க முடியவில்லை.

அன்று ராத்திரி மழை கொட்டியது.

மழை நல்லதுதான். ஆனால் ஆஸ்லின் வீடு இருக்கும் தெரு, முன்பு பருத்தி விளைந்த நிலம். வீடுகள் வந்துவிட்டன, தார் ரோடு வரவில்லை. கரிசல் மண் நனைந்தால் விடாது. ஒவ்வொரு அடிக்கும் காலில் ஒரு கட்டி ஏறும். நாலு வீடு தாண்டுவதற்குள் ஆள் கொஞ்சம் உயரமாகிவிடுவார்.

சனிக்கிழமை காலையில் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போனாள். ஆஸ்லின் வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் குவளையும் வைத்தாள். யார் வந்தாலும் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எல்லாம் தயார்!

அப்போது தெருமுனையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஆசீர்வாதம் பெரியப்பாவும் ரத்தினம் பெரியம்மாவும் வந்திருந்தார்கள். மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார்கள். சேற்றில் நடந்து வீட்டுக்கு வருவதற்குள் இருவருக்கும் கணுக்கால் வரை கறுப்பு ஏறிவிட்டது.

“வாங்க பெரியப்பா! இங்கன தண்ணி இருக்கு, காலக் கழு...”

“வழிய விடு தாயி, அவசரம்!” என்றார் பெரியப்பா. முகம் சிவந்திருந்தது. “பஸ்ஸுல இருந்தே அடக்கிக்கிட்டு வாரேன்!”

ஹாலைக் குறுக்கே கடந்து, கொல்லைப்பக்கக் குளியலறைக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். பெரியம்மா தலையில் மிளகாய் வத்தல் மூட்டை. “கனக்குதுட்டீ, எறக்கிட்டு வந்துருதேன்” என்று நேரே அடுப்படிக்குப் போய்விட்டார்.

பிறகு இருவரும் கொல்லையில் கால் கழுவிக்கொண்டு சமத்தாக வந்தார்கள். ஆனால் ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகக் கறுப்புப் பாதங்கள்.

“ஐய! பெரியப்பா காலு யானைக் காலு!” என்று கைதட்டினான் ஆண்ட்ரூஸ்.

ஆஸ்லின் சிரிக்கவில்லை. ஈரத் துணியை எடுத்து வந்து ஒரு பாதத்தைத் தேய்த்தாள். பாதம் போகவில்லை, பரவியது. இன்னும் தேய்த்தாள். இன்னும் பரவியது. வாளித் தண்ணீர் மை மாதிரி ஆனது. ஒரே ஒரு பாதம் இருந்த இடத்தில் இப்போது பாய் அளவுக்குக் கறுப்பு.

“குழாயப் போட்டு மொத்தமா அடிச்சு விட்ருவமா?” என்றார் அப்பா.

“வேண்டாம்ப்பா! வீடே சகதியாயிரும்!”

இதைத் தேய்த்து எடுக்கவே பிரேமா அக்காவுக்கு மதியம் ஆகிவிடும். பிறகு மற்ற வேலை எல்லாம் இருக்கிறது. முத்து அக்கா இன்றைக்கும் கேலரியைப் பார்த்து ஏமாறப் போகிறாள். ஆஸ்லினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வாரம் ஓடியதெல்லாம் வீணா?

கறுப்புத் தண்ணீரைக் கொட்ட வெளியே போனாள். வாசலில், மழை படாத ஓரத்தில், அவளுடைய பள்ளி ஷூ கிடந்தது. முந்தின மழையில் சேறு அப்பியது. கோபத்தில் அதை ஓர் எத்து எத்தினாள்.

டப்பென்று ஒரு மண்வில்லை கழன்று விழுந்தது. ஷூவின் அடிப்பாகம் அப்படியே அச்சாக அதில் பதிந்திருந்தது. ஆஸ்லின் ஷூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மண்ணே ஒட்டவில்லை. யாரும் கழுவவும் இல்லை, தேய்க்கவும் இல்லை. அதுவாகக் காய்ந்து, அதுவாக விட்டுவிட்டது!

உள்ளே ஓடிவந்தாள்.

“யாரும் தரையத் தொடாதீங்க! அப்பா, ஃபேனெல்லாம் போடுங்க. சன்னலத் தொறங்க. எல்லாரும் கட்டில்ல ஏறி, காலத் தூக்கிக்கிட்டு உக்காருங்க. காயட்டும்!”

“எம்புட்டு நேரம்?” என்று கேட்டார் பெரியப்பா.

“காயுத வரைக்கும்.”

ஹாலின் ஓரத்தில் கிடந்த கட்டிலில் எல்லோரும் ஏறினார்கள். அப்பா, பெரியப்பா, பெரியம்மா, ஆண்ட்ரூஸ். கடைசியாக, ஓரத்தில், ஆஸ்லின்.

மற்றவர்களுக்கு அது சும்மா உட்காருவது. ஆஸ்லினுக்கு அது பெரும்பாடு. கால் துறுதுறுத்தது. முட்டி ஆடியது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஓடிப் போய் ஒரே ஒரு பாதத்தைத் தொட்டுப் பார்த்தால் என்ன? கூடாது. ஈரத்தில் மிதித்தால் மறுபடி முதலிலிருந்து.

“அக்கா உக்காந்திருக்கா!” என்று கத்தினான் ஆண்ட்ரூஸ். அப்பா போனை எடுத்துப் போட்டோ பிடித்து, உடனே அம்மாவுக்கு அனுப்பினார். ‘யார் இது?’ என்று அம்மாவிடமிருந்து பதில் வந்தது.

“ஒரு காப்பித்தண்ணி கெடைக்குமா?” என்றார் பெரியம்மா.

“அடுப்படிக்கு வழி அந்தச் சகதி மேலதான் பெரியம்மா. காஞ்ச பெறகு தாரேன்.”

“கல்யாண வீட்டுக்காரிக்குக் காப்பி இல்ல! நல்லாருக்கு கத!” என்று பெரியம்மா சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து, அழகிரிசாமி அண்ணாச்சியின் ஆடுகள் தெரு வழியாகப் போயின. காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த வாசலில் ஒரு வெள்ளாடு முன்னங்காலை வைத்தது. காலில் பத்துக் கட்டிச் சேறு. உள்ளே எட்டிப் பார்த்தது.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். எழுந்து விரட்டவும் முடியாது. ஆஸ்லின் பல்லைக் கடித்தாள்.

“லொள்! லொள் லொள்!” என்று குரைத்தான் ஆண்ட்ரூஸ். ஆடு துள்ளி ஓடியது. பெரியப்பா அவன் முதுகில் தட்டினார். “சரியான ஆளுலே நீ!”

மேகம் விலகி வெயில் வந்தது. மின்விசிறிகள் சுழன்றன. பாதங்களின் ஓரம் முதலில் வெளுத்தது. பிறகு அப்பளம் மாதிரி மெல்ல மேலே எழும்பியது. ஆஸ்லின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறு, பொறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நடுவிலும் விரிசல் விட்டது.

“இப்ப!”

கட்டிலிலிருந்து குதித்து வாரியலை எடுத்துப் பெருக்கத் தொடங்கினாள். ஒரு இழுப்பு. பெரியப்பாவின் பாதம் சில்லுச் சில்லாகக் கழன்று ஓடியது. அடுத்த இழுப்பு. பெரியம்மாவின் பாதமும் போயிற்று. அப்பா முறத்தைப் பிடித்தார். தரையில் மெல்லிய சாம்பல் தடம்தான் மிச்சம். அவள் ஈரத்துணியால் தேய்த்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கறுப்பு இருந்தது.

பிரேமா அக்கா வந்து வாசலில் கால் கழுவினார். உள்ளே ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“வீடு மாறி வந்துட்டேனா?”

“இல்லக்கா, நம்ம வீடுதான்!” ஆஸ்லின் அவரைச் சுற்றி ஓடினாள். “இன்னைக்குச் சீக்கிரம் முடிஞ்சிரும்லா? முத்து அக்கா பைனலுக்குப் போயிருவீங்கல்லா?”

“ஒனக்கு எப்படித் தெரியும் பாப்பா?”

“அன்னைக்கு நீங்க போன் பேசும்போது மேஜைக்கு அடியில இருந்தேன். அந்தச் செவுத்துல கிறுக்கினது நான்தான்க்கா.”

பிரேமா அக்கா அவளைப் பார்த்தார். சுத்தமான சுவரைப் பார்த்தார். “சரி, வழிய விடு. நேரத்தோட முடிக்கணும்” என்று மெஷினை வேகமாகத் தள்ளினார்.

அன்று தூசி உறிஞ்சுவதும், தரையில் அந்தக் கறுப்புத் திட்டும், அடுப்படிப் பிசுக்கும், குளியலறையும்தான் மிச்ச வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு எல்லாம் முடிந்தது. பெரியப்பாவும் பெரியம்மாவும் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். அப்பா தன் காரில் பிரேமா அக்காவையும் பிள்ளைகளையும் மைதானத்தில் கொண்டுபோய் விட்டார்.

ஆட்டம் தொடங்கும் முன், கோலுக்கு முன்னால் நின்ற முத்துத்தாய் கேலரியை ஒரு பார்வை பார்த்தாள். எப்போதும் பார்ப்பாள், பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வாள். இன்று திருப்பவில்லை. நீலச் சட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள். மட்டையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். பிரேமா அக்கா எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். அழுதுகொண்டே சிரித்தார்.

எதிரணி முதல் பந்தை அடித்தது. முத்துத்தாயின் கால்கவசத்தில் பட்டு அது வெளியே தெறித்தது. கேலரி முழுக்க ஒரே சத்தம். ஆஸ்லின் படியிலிருந்து படிக்குத் தாவினாள்.

“பாப்பா, விழுந்துறாத. இங்கன வந்து எம்பக்கத்துல உக்காரு” என்று கூப்பிட்டார் பிரேமா அக்கா.

“போங்கக்கா! இந்த வருசத்துக்கு உக்கார வேண்டியதெல்லாம் காலையிலயே உக்காந்தாச்சு!” என்று கத்திக்கொண்டே ஆஸ்லின் அடுத்த படிக்கு ஓடினாள்.