ஊசி பட்ட இடம்

ஊசியில் எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவிய மறுநொடியே அது வெள்ளையாகிவிட்டது. டாக்டரம்மா தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"காஞ்சிடுச்சு. இன்னொரு தடவ குத்தறேம்மா, ஆடாம இரு."

இடது மார்பில் ஒரு கட்டியோடு புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள் அமராவதி. துணி தைக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசிதான். ஆனால் உள்ளே போனதும் ஓர் இடத்தில் நிற்காமல், மேலும் கீழுமாக எதையோ தேடிக்கொண்டே இருந்தது. சிரிஞ்சில் ஏறியது ரத்தமும் இல்லை, பாலும் இல்லை. ஒரு சொட்டுத் தெளிந்த தண்ணீர்.

"நாலு மாசக் கொழந்தைங்க. பால் குடுக்கலாமா?"

"தாராளமா குடு. பால் கட்டுன மாதிரிதான் தெரியுது. ரிசல்ட் வர்ற வரைக்கும் சும்மா பயந்துகிட்டு இருக்காத."

சொல்பவருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போவார். ஊசி பட்ட இடத்தில் ஒட்டிய பிளாஸ்திரியை அழுத்திப் பிடித்தபடியே வெளியே வந்தாள் அமராவதி.

மரக்காணம் பஸ் கோட்டக்குப்பத்தைத் தாண்டியபோது அந்த நினைப்பு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் உப்பளத்துக்காரி. பாத்தியில் தண்ணீர் வெயிலில் வற்றி முற்றிவிட்டால் அதில் யாரும் குச்சி வைக்க மாட்டார்கள், கால் விரலைக்கூட நனைக்க மாட்டார்கள். உப்பு தானாகப் பூக்க வேண்டும். ஏதாவது பட்டுவிட்டால், பட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு கண்டபடி கட்ட ஆரம்பித்துவிடும். ஊசியும் ஒரு குச்சிதானே?

"ஏங்க, உள்ள இருந்தது முத்துன தண்ணியா இருந்தா?"

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தூங்கி வழிந்த சிவஞானம் கண்ணைத் திறந்தான். "பைத்தியமா ஒனக்கு? மாருல ஏதுடி உப்பளம்? கம்முனு வா."

அவளும் சிரித்துவைத்தாள்.

அவளையும் குழந்தையையும் வீட்டில் விட்டுவிட்டு அவன் அளத்துக்குக் கிளம்பிப் போனான். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடு. சிமெண்டு வாசம் இன்னும் போகவில்லை. கரண்ட் இல்லாத அந்த நடுப்பகலில், தூரத்துப் பாத்திகளின் வெள்ளை வெளிச்சம் சன்னல் வழியாக வந்து சுவரில் கூசியது, காற்று, உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரின் நாற்றத்தைக் கொண்டுவந்து கொட்டியது, அதற்கு நடுவே எங்கோ நெறு நெறுவென்று ஒரு சத்தம் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. வெயிலில் உப்பு இறுகும் சத்தம். அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்தான்.

ஆனால் பாத்தி அரை மைல் தள்ளி இருந்தது.

சன்னலைச் சாத்தினாள். சத்தம் குறையவில்லை. கதவையும் சாத்தினாள். இப்போது இன்னும் தெளிவாகக் கேட்டது. குனிந்தபோது, ரவிக்கைக்குள்ளிருந்து கேட்டது.

பிளாஸ்திரியைப் பிய்த்தாள். ஊசி பட்ட இடத்தில் வெள்ளையாக ஒரு பரல் நின்றது. துடைத்தாள். அடியிலிருந்து இன்னொன்று எழுந்து வந்தது. விரலால் கட்டியை அழுத்திப் பார்த்தாள். நேற்று வரை உருண்டையாக நழுவிய கட்டி.

இப்போது அதற்கு மூலை இருந்தது.

"ஐயோ, சாமி!"

குழந்தை பசியில் வீரிட்டது. ரெண்டு தட்டு தட்டினாள், தொட்டிலை ஆட்டினாள். நிற்கவில்லை. இந்தப் பக்கம் கொடுக்கவே மாட்டேன், என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று முனகியபடி அதை எடுத்து வலது பக்கம் போட்டுக்கொண்டாள். ஊசி படாத பக்கம்.

குழந்தை குடித்தது. அமைதியாகக் குடித்தது. அமராவதிக்கு மூச்சு வந்தது. கண்ணீரும் வந்தது. இந்தப் பால் போதும், இந்த ஒரு பக்கமே போதும்.

கடைவாயில் ஒரு சொட்டு வழிந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

சத்தம் நின்றிருந்தது. இல்லை. இடம் மாறியிருந்தது.

நெறு.

குழந்தையின் வாயிலிருந்து.

பிடித்து இழுத்தாள். விடவில்லை. சுண்டுவிரலை உள்ளே கொடுத்தாள். சுருக்கென்று வலித்தது. விரலில் ரத்தம். பல் முளைக்க இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது.

நெறு நெறு.

பலம் கொண்ட மட்டும் பிரித்தாள். வாய் திறந்துகொண்டது. மேல் ஈறு முழுக்க. கீழ் ஈறு முழுக்க. வெள்ளை வெளேரென்று, சதுரம் சதுரமாக, இடைவெளி இல்லாமல் கட்டியிருந்தது.

குழந்தை அம்மாவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தது.