இருபத்து நான்கு பேரில் ஒரு வெள்ளிக்கிழமை

"பொணத்தைப் பார்த்ததும் நீ ஏன் கத்தலே?"

இன்ஸ்பெக்டர் வின் நைங் பிறகொரு நாள் ஸமீராவிடம் இப்படிக் கேட்டார்.

"கத்தக் கூச்சமா இருந்துச்சு, சார்" என்றாள் அவள்.

உண்மைதான். பதினெட்டு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால்கூட கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பவள்!

அன்று காலை ஆறரை மணி. ரங்கூன், தின்கன்ஜூன் பேட்டையில் ஒரு கால்பந்து மைதானம். காலரிக்கு அடியில் அளவு அறை.

கதவைத் தள்ளினாள்.

தரையில் விநாயகமூர்த்தி கிடந்தார். தலை மட்டும் எடை மிஷின் மேல். பின்மண்டையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. பக்கத்தில் ஓர் இரும்பு டம்பெல்.

மிஷினின் முள் ஐந்து கிலோவில் நின்றது!

ஒரு வாரமாக அந்த மிஷினில் இருபத்து நான்கு பையன்களை நிறுத்தியவர்... இருபத்தைந்தாவதாகத் தன்னையே நிறுத்திக்கொண்டிருந்தார். அதுவும் தலையை மட்டும்!

ஸமீரா கத்தவில்லை. வெளியே வந்து வாட்ச்மேனின் சட்டையைத் தொட்டாள். உள்ளே கை காட்டினாள்.

அவன் கத்தினான். இரண்டு பேருக்கும் சேர்த்து!

* * *

விநாயகமூர்த்தி பழைய கோல்கீப்பர். ஊரே அவரை 'சயா' என்றது. ரங்கூனில் வாத்தியாரும் சயா, டாக்டரும் சயா, கோச்சும் சயாதான்.

அவருடைய இப்போதைய வேலை, ஆட்களை அளப்பது.

வருடத்துக்கு ஒரு முறை எட்டு கிளப்புகள் கூடும். கல்லூரிகளிலிருந்து வந்த பையன்களில் ஒவ்வொரு கிளப்பாக ஒரு பெயர் சொல்லும். பெயர் வந்தவனுக்கு ஒப்பந்தம். வராதவன் வீட்டுக்கு. இருபத்தொரு வயது தாண்டியவனுக்கு அந்த வாசலே கிடையாது.

கிளப்புகள் நம்புவது மூர்த்தியின் ஃபைலை. ஒரு பையனுக்கு ஒரு பக்கம். உயரம், எடை, முப்பது மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து தாவல்... அதற்குக் கீழே நாலு வரி, மூர்த்தியின் கண்ணுக்குப் பட்டது.

"காலேஜ்காரன் எழுதித் தர்ற உயரத்துல ரெண்டு இஞ்சு காத்தும்மா" என்பார் ஸமீராவிடம். அளவுகளைக் குறித்துக்கொள்வது அவள் வேலை. "நீ செருப்பைக் கழட்டச் சொல்லி அளந்து எழுது. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

இன்று மாலை நான்கு மணிக்குத்தான் அந்தத் தேர்வு.

பட்டியலில் ஒன்பதாவது பெயர்... நியாஸ். இருபத்தொரு வயது. ஸமீராவின் சொந்த அண்ணன்!

* * *

எட்டரை மணி.

இன்ஸ்பெக்டர் வின் நைங் குண்டு மனிதர். சின்ன வயதில் தமிழ்ப் பையன்களோடு தெருவில் பந்து உதைத்தவர். அதில் கிடைத்தது ஒரு முட்டிக்காயமும் முக்கால்வாசித் தமிழும்.

"மா ஸமீரா" என்று பர்மிய வழக்கப்படி மரியாதையாகக் கூப்பிட்டார். "நேத்து சாயந்திரம் சயாகூட யார் சண்டை?"

ஸமீரா தரையைப் பார்த்தாள்.

வாட்ச்மேன் முந்திக்கொண்டான். "நியாஸ், சார்! என்னைப் பத்தி என்ன எழுதினீங்கன்னு கத்தினான். நாளைக்குத் தெரியும்னு சயா சொன்னாரு."

"நியாஸ் பையை எடு!"

பை வந்தது. ஜெர்சி, ஷூ, வேர்வைத் துண்டு... அடியில் நாலாக மடித்த ஒரு தாள்.

மூர்த்தியின் கையெழுத்து. ஒன்பதாம் பக்கம்!

"இது எப்படி இங்க வந்துச்சு?"

நியாஸின் முகம் வெளுத்தது. கண்கள் சுவர் சுவராக ஓடின. கடைசியில் தங்கை மேல் வந்து நின்றன.

"எனக்கென்ன தெரியும்? இவதான் அந்த ஃபைலோட சுத்திக்கிட்டிருந்தா! இவதான் போட்டிருப்பா. இவளைக் கேளுங்க!"

ஸமீரா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"நானா..." என்றாள். அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"உன் தங்கச்சி டம்பெல்லைத் தூக்கினா டம்பெல்தான் அவளைத் தூக்கும்!" என்றார் வின் நைங். "டிரெஸ்ஸிங் ரூம்ல போட்டுப் பூட்டு இவனை."

"சார்... நாலு மணிக்கு செலக்‌ஷன்! இந்த வருஷம் விட்டா எனக்கு வயசு தாண்டிடும், சார்!"

"ஜெயில் டீம்ல வயசு பாக்க மாட்டாங்க. நட!"

* * *

நடையில் ஸமீராவின் கையில் யாரோ சூடான டீ கிளாஸைத் திணித்தார்கள்.

பழனியப்பன். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, விபூதி. ஆட்டக்காரர்களின் ஏஜென்ட். கல்லூரிப் பையன்களின் காகித வேலை எல்லாம் அவர் கைவழியாகத்தான் போகும்.

"குடி பாப்பா. காலைலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே."

"மாமா... நானா செஞ்சிருப்பாருங்கறீங்களா?"

"கோபக்காரப் பய. ஒரு நிமிஷம் போதும் பாப்பா, மனுஷன் மிருகமாக." பெருமூச்சு விட்டார். "நல்ல வக்கீலா நான் பாக்குறேன். நீ மட்டும் வாயைத் தொறக்காதே. தொறந்தா சந்தேகம் உன் மேலயும் வரும்."

ஸமீராவிடம் போய், வாயைத் திறக்காதே என்கிறார்!

அவளுக்கும் அண்ணன் மேல் சந்தேகம்தான். நேற்று ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தவன் சோறு வேண்டாம் என்றான். உம்மா கேட்டதற்கு எரிந்து விழுந்தான். எதையோ மறைத்தான்...

ஆனால் ஒன்று இடித்தது.

பக்கத்தைக் கிழிக்க மனிதனைக் கொல்ல வேண்டுமா? தினமும் ஐந்தரைக்கு மூர்த்தி டீ குடிக்கப் போவார். அறையைப் பூட்ட மாட்டார். ஃபைல் மேஜை மேல் கிடக்கும்.

போலீஸ் பெஞ்சு மேல் வைத்துப் போயிருந்த அந்த ஃபைலை மெல்லத் திறந்தாள். புரட்டினாள்.

ஏழு... எட்டு... பத்து... பதினாறு... பதினெட்டு...

பதினெட்டு?

கை நின்றது. போலீஸ் தேடியது ஒன்பதை. கிடைத்தது. எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள்.

போனது ஒரு பக்கம் இல்லை... இரண்டு!

* * *

"பதினேழாம் பக்கம் யாரோடது?" வின் நைங் கேட்டார். அளவு அறையில் அவரும் அவளும் மட்டும்.

"தீஹா, சார்."

வின் நைங் விசில் அடித்தார். தீஹா! மாவ்பியிலிருந்து வந்த நடு ஆட்டக்காரன். எட்டு கிளப்பும் முதலில் சொல்லக் காத்திருக்கும் பெயர்.

"அதுல என்ன இருந்துச்சுன்னு செத்தவருக்குத்தானே தெரியும்?"

ஸமீரா முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு நீல அட்டை நோட்டை எடுத்தாள். காது மடல் சிவந்தது.

"சயா எழுதறது எனக்குப் பிடிக்கும், சார். தினமும் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி காப்பி பண்ணிப்பேன். அவருக்குத் தெரியாது... யாருக்குமே தெரியாது."

மூர்த்தி பர்மியத்தில் எழுதுவார். வின் நைங் வாய்க்குள்ளேயே படித்தார்.

'17. தீஹா. பந்து காலில் ஒட்டுகிறது. எல்லோருக்கும் முதல் பெயர் இவன்தான். ஆனால் முட்டி இருபது வயது முட்டி இல்லை. பிறப்புச் சான்றிதழை மறுபடி பார்க்க வேண்டும்.'

இரண்டு முறை படித்துவிட்டு மூடினார்.

"சந்தேகம் மட்டும்தானே? ஆதாரம் வேணுமே."

"இருக்கு, சார்." குரல் எறும்பு ஊர்வதுபோல் வந்தது. "நான் பஸ்ஸுக்கு நிக்கிற இடத்துல சின்னதா ஒரு புத்தர் பகோடா இருக்கு. தீஹா தினமும் காலைல அங்க தண்ணி ஊத்துவாரு. அவரோட பிறந்த கிழமை மூலைல. வெள்ளிக்கிழமை மூலை."

"ஊத்தட்டும். பர்மாக்காரன் எல்லாரும் ஊத்தறதுதானே? நானே புதன்கிழமைக்காரன்."

அவள் அளவுப் பட்டியலை நீட்டினாள். "பிறந்த தேதியைப் பாருங்க, சார்."

14 மார்ச் 2006.

வின் நைங் போனில் காலண்டரைத் திறந்தார்.

செவ்வாய்க்கிழமை!

விரல் பின்னால் ஓடியது. "ரெண்டாயிரத்தஞ்சு... திங்கள். நாலு... ஞாயிறு. மூணு..."

நிறுத்தினார்.

"வெள்ளி! இவனுக்கு இருபத்து மூணு வயசு! மூணு வருஷத்தை முழுங்கியிருக்கான். சயா கண்டுபிடிச்சிட்டார். போட்டுட்டான்!"

எழுந்தார். "தீஹாவைக் கூட்டிட்டு வா!"

* * *

தீஹா வந்தான். கூடவே பழனியப்பன். ஏஜென்ட் ஆயிற்றே!

"உன் கிழமை என்ன?" பர்மியத்தில் கேட்டார் வின் நைங்.

"வெள்ளி" என்றான் தீஹா. ஒரு நொடி யோசிக்கவில்லை. கழுத்துக் கயிற்றிலிருந்த தாயத்தைக்கூடப் பெருமையாகக் காட்டினான்.

"கையை நீட்டு!" விலங்கு கிலுங்கியது.

"சார்..."

யாரோ கூப்பிட்டார்கள். எல்லோரும் திரும்பினார்கள்.

ஸமீரா! சுவரோடு சுவராக ஒட்டியிருந்தாள்.

"அவரு இல்லே, சார்."

"நீதானே இப்ப காட்டினே?"

"சான்றிதழ்ல என்ன போட்டிருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தா... வெள்ளின்னு இப்படிப் பட்டுனு சொல்வாரா? செவ்வாய்னு சொல்லிருப்பாரே." முக்காட்டு நுனியை இழுத்துப் பிடித்தாள். "சார், நீங்க ஒரு பொய்யான பிறந்த தேதி எழுதணும்னா... வருஷத்தை மட்டும் மாத்திட்டு விட்டுடுவீங்களா?"

வின் நைங் போன் காலண்டரைத் திறந்தார். மூடினார்.

"மாட்டேன். தேதியையும் நகர்த்தி அதே கிழமைக்குக் கொண்டு வருவேன். கிழமை மாறினா பொண்ணு பொருத்தம் போச்சு, பேர் போச்சு, எல்லாம் போச்சு! எங்கள்ல எந்த முட்டாளும் இந்தத் தப்பு செய்ய மாட்டான்."

"அப்ப இது உங்க ஆளு செஞ்சதில்லே, சார்." அவள் தலை குனிந்தது. "கிழமை பாக்காம நட்சத்திரம் பாக்கறவங்க செஞ்சது. எங்க தமிழ் ஆளு."

அறையில் விசிறி சுற்றும் சத்தம் மட்டும்.

எல்லாக் கண்களும் விபூதி நெற்றிக்கு வந்தன.

பழனியப்பன் சிரித்தார். "நல்லாருக்கு பாப்பா கதை! டீ வாங்கிக் குடுத்ததுக்குக் கைமாறா இது?"

"தீஹா காகிதமெல்லாம் யார் குடுத்தது?" வின் நைங் கேட்டார்.

"நான்தான். அவன் அம்மா தந்ததை அப்படியே குடுத்தேன். இதை வச்சு ஒரு ஆளைக் கொலைகாரன்னு சொல்லிடுவீங்களா?"

"சயாவுக்கு இவன் வயசு மேல சந்தேகம் வந்திருக்கு. எழுதி வச்சிருக்கார்."

"எழுதுவாரு! எழுதுவாரு!" பழனியப்பனின் குரல் ஏறியது. "முட்டியைப் பார்த்து வயசு சொல்ல அவரென்ன எலும்பு டாக்டரா, சார்?"

விசிறிகூட நின்றதுபோல் இருந்தது.

நிஜமாகவே நின்றிருந்தது. கரண்ட் போயிருந்தது!

அரை இருட்டில் வின் நைங் மெதுவாகக் கேட்டார். "முட்டின்னு யார் சொன்னது?"

"நீங்கதானே இப்ப..."

"நான் சொல்லலே. மா ஸமீரா, நீ சொன்னியா?"

"இல்லே, சார்."

"இந்த ரூம்ல அந்த வார்த்தை பதினேழாம் பக்கத்துல மட்டும்தான் இருந்துச்சு, பழனியப்பன். அந்தப் பக்கம் எங்க?"

பழனியப்பனின் நெற்றி விபூதி வேர்வையில் கரைந்து மூக்கு வரை வழிந்தது.

"எரிச்சிட்டேன்" என்றார் கடைசியில். "அவன் ஒருத்தன் இல்லே சார். இதுவரைக்கும் ஏழு பேருக்கு வயசைக் குறைச்சிருக்கேன். நாளைக்கு எல்லாரையும் தோண்டுவேன்னு சொன்னாரு. கெஞ்சினேன். முதுகைத் திருப்பிக்கிட்டாரு... கைக்கு டம்பெல்தான் கிடைச்சுது."

விலங்கு கிலுங்கியது. இந்த முறை சரியான கையில்.

தீஹா பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். "வயசைக் குறைக்கிறேன்னு பழனியப்பன் அண்ணன் சொன்னாரு. தப்புன்னு தெரியும். ஆனா கொலை..."

* * *

மூன்றே முக்கால்.

நியாஸை விட்டுவிட்டார்கள். ஐந்தரைக்கு மூர்த்தி டீ குடிக்கப் போனபோது தன் பக்கத்தைக் கிழித்ததை ஒத்துக்கொண்டான். "தாளைக் கிழிச்சதுக்குத் தூக்குல போட முடியாது. ஓடு!" என்றார் வின் நைங்.

தேர்வு மண்டபத்து வாசலில் தங்கையின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"ஸமீரா, என் பக்கம் கேஸுக்குப் போயிடுச்சு. உன் நோட்டைப் படிக்கச் சொல்றாங்களாமே?"

"ஆமா, நானா."

"நல்லதா நாலு வரி சேர்த்துப் படி."

அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"யாருக்குத் தெரியப் போகுது? செத்தவரா எழுந்து வந்து இல்லேன்னு சொல்லப் போறாரு? இன்னிக்கு விட்டா எனக்கு எதுவும் இல்லேடி. உனக்குத் தெரியும்ல?"

தெரியும். அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. ஆறு வருடமாக அவன் ஷூவுக்கு நூல் போட்டுத் தைத்தது அவள்தான்.

"காலைல கோபத்துல ஏதோ சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதே, என்ன?"

மணி அடித்தது.

உள்ளே எட்டு மேஜைகள். எட்டு கிளப்புகள். பின்வரிசையில் தீஹா இல்லாமல் இருபத்து மூன்று பையன்கள், வேர்த்த கைகளைத் தொடையில் துடைத்தபடி. இருபத்திரண்டு பேரின் பக்கங்கள் ஃபைலில் இருந்தன. கமிட்டி ஆள் அவற்றைப் படித்து முடித்தார்.

"ஒன்பதாம் எண். நியாஸ். பிரதி இந்தப் பெண்ணிடம் இருக்கிறது. படிம்மா."

ஸமீரா எழுந்தாள். இத்தனை பேருக்கு முன்னால் அவள் வாழ்நாளில் நின்றதில்லை.

நோட்டைத் திறந்தாள்.

"நியாஸ். முப்பது மீட்டர்... நாலு புள்ளி ஒன்று. பட்டியலிலேயே வேகமானவன். இடது கால் அபாரம்."

எட்டு மேஜையிலும் பேனாக்கள் எழுந்தன. பின்வரிசையில் நியாஸின் மார்பு நிமிர்ந்தது.

அத்தோடு உட்கார்ந்துவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை.

ஸமீரா அண்ணனைப் பார்த்தாள். அவன் லேசாகத் தலையை ஆட்டினான். போதும், உட்கார் என்று.

பிறகு அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்த இருபத்திரண்டு முகங்களையும் பார்த்தாள். அவர்களுக்கு எழுதிய எந்த வரியையும் யாரும் விட்டுவிட்டுப் படிக்கவில்லை.

மூச்சை இழுத்தாள்.

"ஆனால்..."

விரலை அடுத்த வரியில் வைத்தாள்.

"ஆனால், பந்து பறிபோனால் இவன் முதலில் தேடுவது பந்தை இல்லை. பழி போட ஓர் ஆளை. பதினொரு பேர் ஆட்டத்துக்கு வேண்டாம்."

எட்டு பேனாக்களும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம்.

நியாஸ் எழுந்தான். தங்கையைப் பார்த்தான். திட்டவில்லை. கத்தவில்லை. யாரையும் கை காட்டவுமில்லை. பையைத் தோளில் போட்டான். எட்டு மேஜைகளையும் தாண்டி, கதவைத் தாண்டி, படியிறங்கிப் போனான்.



போன வேகத்தை யாராவது ஸ்டாப்வாட்சில் பிடித்திருந்தால்... நாலு புள்ளி ஒன்றெல்லாம் என்ன கணக்கு!