ஒரு முழம் தள்ளி மரணம்!

போன் அலறியது.

அல்வாரா கார் ஷோரூமின் சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் கனிமொழி, தயிர்சாதத்தின் கடைசி வாயை அவசரமாய் விழுங்கிவிட்டு எடுத்தாள்.

"கனி... நான் லாவண்யா. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

குரலில் நடுக்கம்.

லாவண்யா போட்டிக் கம்பெனியான கிரான்ஸில் கார் விற்பவள். இரண்டு பேருக்கும் அம்பத்தூரில் ஒரே ஹாஸ்டல், ஒரே ரூம். கம்பெனிகள் அடித்துக்கொண்டாலும் இவர்கள் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள்.

"யாரும் இல்ல. சொல்லு."

"ஞானசேகரன்னு ஒரு கஸ்டமர் இன்னிக்கு உங்ககிட்ட வராரா?"

"ஆமா... மூணு மணிக்கு டெஸ்ட் டிரைவ். ஏன்டி?"

"போகாத!"

கனிமொழி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நேத்து எங்க காரை ஓட்டினார். அயனம்பாக்கம் ஏரிக்கரை ரோடு. பொண்டாட்டியை நடுரோட்டுல நிக்க வெச்சுட்டு... நேரா அவங்க மேலயே காரை விட்டார்டி!"

"என்னது?!"

"குறுக்கே ஆள் வந்தா கார் தானா பிரேக் போடும்ல... அது வேலை செய்யுதான்னு பார்க்கணுமாம். நின்னுடுச்சு. ஒரு முழம் தள்ளி! நான் பக்கத்து சீட்டுல உயிரைக் கையில புடிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். கார் நின்னதும் அந்தாளு என்ன பண்ணார் தெரியுமா?"

"என்ன?"

"'ச்சே'ன்னு ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினார்!"

கனிமொழி தயிர்சாத டப்பாவை ஓரமாய்த் தள்ளி வைத்தாள்.

"போன வாரம் டோர்னா ஷோரூம்லயும் இதே கூத்துதானாம். அந்தக் காரும் நின்னுடுச்சு. கனி... அந்தாளு நல்ல காரைத் தேடலடி. நிக்காத காரைத் தேடறான்!"

லைன் கட்டானது.

கனிமொழி மேனேஜர் கஜபதியின் கேபினுக்கு ஓடினாள். மூச்சு வாங்கச் சொன்னாள். கஜபதி பல்குத்திக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, பொண்டாட்டியைக் கொல்லணும்னா எதுக்கு இவ்வளவு விலையில கார்? வெளிய போனா மண்ணூர்பேட்டை முழுக்க தண்ணி லாரி. அது போதாதா?"

"சார், எனக்கு பயமா இருக்கு..."

"பயமா இருந்தா சாமி கும்பிட்டுட்டுப் போ. மாசக் கடைசி! வாசலுக்கு வர்ற மகாலட்சுமியைத் திருப்பி அனுப்பவா சொல்ற?"

மகாலட்சுமி வாசலுக்கு வந்தேவிட்டாள்.

பெயர்தான் கோமளா. மஞ்சள் பூசிய முகம், எட்டணா அகலப் பொட்டு, தோளில் ஒரு துணிப்பை. அதிர்ந்து பேசத் தெரியாத முகம். அவளுக்கு முன்னால் கழுத்தில் தாம்புக்கயிறு கனத்தில் செயினோடு ஞானசேகரன். அயனம்பாக்கத்துப் பழைய குடும்பம். அப்பா நெல் நட்ட இடத்தில் மகன் அடுக்குமாடி நட்டிருந்தார்.

"இன்னாமா, வண்டி ரெடியா?"

"ரெ... ரெடி சார்."

கனிமொழி சாவியைக் கொடுத்தாள்.

*

கறுப்பு அல்வாரா ஷோரூமை விட்டு வழுக்கிக்கொண்டு கிளம்பியது. ஞானசேகரன் ஸ்டியரிங்கில். பக்கத்தில் கனிமொழி. பின் சீட்டில் கோமளா, மடியில் துணிப்பையோடு.

"அந்த ரெண்டு வண்டியில இல்லாதது உன் வண்டியில இன்னா கீது? அத்த சொல்லு மொதல்ல."

"மூணு விஷயம் சார். முதல்ல, சத்தம். இதுல கண்ணாடி ரெண்டு அடுக்கு. ஏத்திட்டா வெளியே இடியே விழுந்தாலும் உள்ளே கேக்காது. உள்ளே கத்தினாலும் வெளியே கேக்காது."

சொல்லி முடித்த பிறகுதான் கடைசி வாக்கியம் அவளையே சுட்டது.

"ஷோக்கா கீது! கிரான்ஸ்ல லாரி ஹாரன் காதுல பூந்து மூளையைக் கலக்குச்சு. டோர்னால சத்தம் பரவால்ல. ஆனா பள்ளத்துல எறங்கினா இடுப்பு கழண்டுக்கும்."

"டோர்னாவே போதும்னு நான் சொன்னேன்," என்றாள் கோமளா மெல்லிய குரலில். "இவருதான் கேக்கல."

"நீ சும்மா கெட! சொல்லும்மா, ரெண்டாவது?"

"ஹேண்ட் பிரேக் சார். நடுவுல இந்தச் சின்ன பட்டன்தான். ஓடிட்டு இருக்கறப்பவே இதை இழுத்துப் புடிச்சாலும் வண்டி நின்னுடும்."

"கம்மனாட்டி பட்டன், சுண்டு வெரல் தண்டி கூட இல்ல! மூணாவது?"

"மூணாவது சார்..."

கீ... ரீ... ச்!

வானகரம் ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ திடீரென்று குறுக்கே திரும்பியது. ஞானசேகரன் பிரேக்கை மிதித்து, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினார்.

"டேய்! ஊட்ல சொல்லிகினு வந்தியாடா?!"

ஆட்டோக்காரனின் மூன்று தலைமுறையையும் விசாரித்துவிட்டு அவர் கண்ணாடியை ஏற்றியபோது, மூன்றாவது விஷயம் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

கனிமொழிக்கும்தான். அவள் நினைப்பெல்லாம் முன்னால் வரப்போகும் ஏரியின் மீதே இருந்தது. 'முருகா, டயராவது பஞ்சர் ஆகட்டும்' என்று வேண்டிக்கொண்டாள்.

முருகன் அன்றைக்கு லீவு போலிருக்கிறது.

*

அயனம்பாக்கம் ஏரிக்கரை.

தண்ணீரில் வெயில் தகதகத்தது. ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. வேப்பமரத்தடியில் ஒரு சின்ன அம்மன் கோயில். கார் அதன் முன் நின்றது.

"எங்க ஊரு அம்மனுக்குக் காட்டாம எந்த வண்டியையும் வெரட்ட மாட்டேன்," என்றபடி இறங்கினார் ஞானசேகரன். "கோமு, பொட்டு வெச்சுடு."

அவர் செல்போன் ஒலித்தது. திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "சொல்லு கண்ணு..." என்று குழைந்தபடி தூரமாய் நடந்தார்.

கோமளா துணிப்பையிலிருந்து சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்தாள். நம்பர் பிளேட்டில் ஒரு பொட்டு. பானெட்டில் ஒன்று. எக்கி நின்று முன் கண்ணாடியின் உச்சியில், நட்டநடுவே ஒன்று. அது கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது.

கனிமொழி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு ஓடிப்போய்க் கோமளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம்... இன்னிக்கு நீங்க கார் முன்னாடி நிக்காதீங்க. ப்ளீஸ்!"

"ஏம்மா?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்க வீட்டுக்காரர் மேல எனக்கு சந்தேகமா இருக்கு. அவரு உங்களை... உங்க உயிருக்கே..."

கோமளாவின் கண்கள் நிறைந்தன.

"உனக்கே தெரிஞ்சுபோச்சா தாயி?"

ஐயோ! கனிமொழிக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் என்ன பண்ணட்டும் மேடம்? சொல்லுங்க!"

"இன்னிக்கு நான் ஓட்டறேன்னு அவராண்ட சொல்லு. நான் சொன்னா எரிஞ்சு விழுவாரு. நீ சொன்னா கேப்பாரு."

அதற்குள் ஞானசேகரன் திரும்பி வந்துவிட்டார். "இன்னா, நிக்கலாமா கோமு?"

கனிமொழி குறுக்கே புகுந்தாள்.

"சார்! ரெண்டு காருக்கு மேடம் நின்னுட்டாங்க. இதுக்கு மேடம் ஓட்டட்டுமே? எதிர்ல நீங்க நின்னு பார்த்தாதானே சார் எந்தக் கார் ஒசத்தின்னு தெரியும்?"

ஞானசேகரன் மோவாயைச் சொறிந்தார்.

"அதுவும் நாயந்தான். உன் வண்டி மேல உனக்கு நம்பிக்கை கீதா?"

"இருக்கு சார்!"

"அப்போ நிக்கிறேன். டோர்னா ரெண்டு முழம் தள்ளி நின்னுச்சு. கிரான்ஸ் ஒரே முழம்... இவ முந்தானை பம்பர்ல ஒரசிடுச்சு. எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு! வந்த கடுப்புல ஸ்டியரிங்கையே குத்திட்டேன். உன் வண்டி மூணு முழம் தள்ளி நிக்கணும். நின்னா இன்னிக்கே புக்கிங்!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் நடந்தார்.

கனிமொழிக்குள் ஏதோ இடறியது.

அப்படியானால் அந்த 'ச்சே'... மனைவி தப்பித்துவிட்டாளே என்பதற்காக இல்லையா?!

*

ஸ்டியரிங்கில் கோமளா, பக்கத்தில் கனிமொழி. கதவுகள் மூடின. கண்ணாடிகள் ஏறின. உலகத்தின் சத்தம் சட்டென்று அறுந்தது.

க்ளிக்!

கோமளா பூட்டிவிட்டிருந்தாள்.

தூரத்தில் ஞானசேகரன் இடுப்பில் கைவைத்து நின்றார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. கூடவே எழுத்துகள்.

'முன் கேமரா மறைக்கப்பட்டுள்ளது. தானியங்கி பிரேக் இயங்காது.'

கனிமொழி குனிந்து, நடுக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தாள்.

சந்தனம்!

ரோட்டைப் பார்க்கும் கேமராவின் மேல், வெளிக் கண்ணாடியில், அடை கனத்துக்கு அப்பியிருந்தது. அதன் நடுவில் குங்குமம் சிரித்தது.

கோமளா அலட்டிக்கொள்ளாமல் ஸ்டியரிங்கில் இருந்த பட்டனை அமுக்கினாள். எச்சரிக்கை மறைந்தது.

"மேடம்... கேமராவை மறைச்சிருக்கு! கார் நிக்காது! எடுக்காதீங்க!"

"தெரியும்."

குரல் மாறியிருந்தது. பின் சீட்டுக் கோமளாவை எங்கேயோ இறக்கி விட்டுவிட்டு வந்தது மாதிரி.

"மேடம்?!"

"ஐயப்பன்தாங்கல்ல இன்னொரு ஊடு வெச்சிக்கீறான். ஆறு வருசமா! இப்ப யாராண்ட 'கண்ணு, கண்ணு'ன்னு கொஞ்சிகினு இருந்தான்னு நெனைக்கிற? என்னை வெரட்டிட்டு அவளைக் கூட்டியாரப் போறானாம். அதான், அவனையே மேலோகத்துக்கு வெரட்டிடலாம்னு கீறேன்."

கார் கிளம்பியது.

"அப்ப நீங்க ரெண்டு தடவை கார் முன்னாடி நின்னது..."

"அவனுக்கு நம்பிக்கை வரவேணாமா? நான் நின்னேன், வண்டி நின்னுச்சு. பாரு, இப்ப எப்படி தெகிரியமா நிக்கிறான்!"

இருபது... முப்பது...

"உங்களைப் போலீஸ் புடிக்கும்!"

"எதுக்கு? வண்டிக்குப் பொட்டு வெச்சதுக்கா? கார் நிக்கல, கம்பெனி கோளாறுன்னு மார்ல அடிச்சுகினு அழுவேன். ஊரே என்கூட அழும்!"

நாற்பது!

"சார்ர்ர்! ஓடுங்க சார்ர்ர்!"

கனிமொழி தொண்டை கிழியக் கத்தினாள். கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள்.

வெயிலில் பளபளத்த கண்ணாடிக்குள் நடப்பது ஞானசேகரனுக்குத் தெரியவில்லை; எதுவும் கேட்கவும் இல்லை. இரண்டு அடுக்குக் கண்ணாடி! அவர் மீசையை முறுக்கிக்கொண்டு சிரித்தார்.

கார் சீறியது. அவர் சிரிப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது. சட்டைப்பையில் இருந்த பேனாகூடத் தெரிந்தது.

பட்டன்!

கனிமொழியின் கை நடுவே பாய்ந்தது. கோமளாவின் முழங்கை அவள் மணிக்கட்டில் இடியாய் இறங்கியது.

"வுடுடீ!"

வலியில் கண் இருண்டது. ஆனாலும் விடவில்லை. விரல் நுனி பட்டனில் மாட்டியது. இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிடித்தாள்!

கிறீ... ... ... ச்!

டயர் கருகும் நாற்றம். சீட் பெல்ட் நெஞ்சை அறுத்தது.

கார் நின்றுவிட்டது.

கனிமொழி கண்ணைத் திறக்கப் பயந்தாள். திறந்தபோது, பானெட்டுக்கு அந்தப் பக்கம் ஞானசேகரன் சிலையாய் நின்றிருந்தார். நின்றிருந்தார்! அந்த நிமிடத்தில் அவளுக்கு அந்த மீசையைவிட அழகானது உலகத்திலேயே எதுவும் இல்லை.

*

முதலில் இறங்கி ஓடியது கோமளாதான்.

"ஐயோ, என் ராசா! உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே? நான் பிரேக்கே போடலங்க, நீங்க சொன்ன மாதிரி! இது நிக்கவே மாட்டேங்குதுங்க! பாழாப்போன வண்டி!"

அழுகை அவ்வளவு தத்ரூபம்! கனிமொழியே ஒரு விநாடி நம்பிவிட்டாள்.

ஞானசேகரன் வெலவெலத்துப்போய் பம்பருக்கும் தன் முட்டிக்கும் நடுவே கையை வைத்து அளந்தார்.

"அரை முழங்கூட இல்ல! ஏம்மா, இதுக்கு அந்தக் கிரான்ஸே தேவலையே!"

கனிமொழி தள்ளாடி இறங்கினாள்.

கோமளா கண்ணைத் துடைக்கிற சாக்கில் அவள் காதருகே குனிந்தாள்.

"வாயத் தொறந்த... யாரும் நம்ப மாட்டாங்க. இருவது வருசமா புருசனுக்கு வெள்ளிக்கிழமை வெரதம் இருக்கறவ நானு. நீ நேத்து வந்தவ."

உண்மைதான். யார் நம்புவார்கள்? பொட்டு வைத்ததா கொலை முயற்சி? கஜபதி சிரிப்பார். ஊர் அடிக்க வரும். ஆனால், இன்றைக்கு வாயை மூடிக்கொண்டால், நாளைக்கு இந்த மனுஷனுக்கு வேறு ஏதாவது ஒரு வழியில் மாலை விழும். அதுவும் நிச்சயம்.

"உன் வண்டி வேலைக்காவாதும்மா," என்றார் ஞானசேகரன், முகத்து வேர்வையைத் துண்டால் ஒற்றியபடி. "அந்த ரெண்டு வண்டியில இல்லாதது இதுல ஒண்ணுமே இல்ல!"

கனிமொழி சட்டென்று நிமிர்ந்தாள்.

"இருக்கு சார்."

"இன்னா கீது?"

"வரும்போது மூணாவதை நான் சொல்லவே இல்ல சார். ஷேர் ஆட்டோ குறுக்கே வந்துடுச்சு."

"இப்ப சொல்லு."

"அந்த ரெண்டு கார்லயும் வெளிப்பக்கம் மட்டும்தான் கேமரா. எங்க அல்வாராவுல..."

கனிமொழி கோமளாவைப் பார்த்தாள்.

"...உள்ளேயும் கேமரா இருக்கு சார். சத்தத்தோட! டெஸ்ட் டிரைவ் வண்டியில அது எப்பவும் ஆன்லதான் இருக்கும்."

கோமளாவின் அழுகை பாதியில் நின்றது. அல்வாராவின் பிரேக்கை விட வேகமாக!

கனிமொழி உள்ளே சாய்ந்து பெரிய திரையைத் தொட்டாள். ஏரிக்கரை முழுக்க அந்தக் குரல் துல்லியமாய் ஒலித்தது.

'...அதான், அவனையே மேலோகத்துக்கு வெரட்டிடலாம்னு கீறேன்...'

ஞானசேகரன் பானெட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து ரோட்டில் உட்கார்ந்தார்.

"கோமு... நீயா...?"

கனிமொழி போனில் போலீஸ் நம்பர் நூறை அழுத்திக்கொண்டிருந்தாள்.

கோமளா விரலில் ஒட்டியிருந்த குங்குமத்தை முந்தானையில் நிதானமாகத் துடைத்தாள். காரை ஏற இறங்கப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"அப்பவே தலையால அடிச்சுக்கினேன்... டோர்னாவே போதும்னு!"