வாசலில் வைத்த குரல்

புதுச்சேரி துய்மா வீதியில் எல்லா வீடும் மஞ்சள் சுவரும் வெள்ளை விளிம்புமாக ஒரே அச்சில் வார்த்தது போல் இருந்ததால், வெற்றிச்செல்வன் இன்டர்வியூவுக்கு வரச்சொன்ன வீட்டை இரண்டு தடவை தாண்டிப் போய்த் திரும்பி வந்தான். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. உள்ளே கால் வைத்ததும் உடம்பு சில்லிட்டது. கடல் ஈரம் ஏறிய சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான், அது அதற்குள் முதுகில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வேலை, டிசைனர் வேலை. பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது: பயோடேட்டா அனுப்ப வேண்டாம், நீங்களே செய்த இணையதளம் இருந்தால் முகவரியை மட்டும் அனுப்புங்கள். அதைப் படித்த நாளிலிருந்து பையனுக்குத் தூக்கமில்லை. ஏனென்றால் அவன் வேலை பார்த்தது பக்கிரியின் பேனர் கடையில். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தலைவர் பிறந்தநாள், அப்புறம் கண்ணீர் அஞ்சலி. செத்தவர்களின் போட்டோவைக் கம்ப்யூட்டரில் வெட்டி, மாலை போட்டு, இரண்டு பக்கமும் விளக்கேற்றி வைப்பதுதான் அவன் கைத்திறமை. இந்த வேலை கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் ஊரில் செத்தவர்களுக்கு மாலை போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முதலியார்பேட்டையில் ஒற்றை அறை வீடு, அப்பா இல்லை, அம்மா கம்பெனி வேலைக்குப் போய்க் கை விரலெல்லாம் வெடித்துக் கிடந்தாள், தங்கை அபி பிளஸ் டூ. அவனுக்கு இந்த வேலை வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அதனால் அவன் ஒரு தளம் செய்தான். சும்மா சொல்லக்கூடாது, அருமையான தளம். திறந்தால் ஒரு பழைய வீட்டின் கதவு வரும். தட்டினால் அபியின் கணீர்க் குரல் கேட்கும்: "வாங்க, உள்ள வாங்க." கதவு திறக்கும். அறை அறையாகப் போகலாம். சுவர்களில் அவன் வரைந்ததெல்லாம் சட்டம் போட்டுத் தொங்கும். வெளியே வரும்போது அதே குரல், "போயிட்டு வாங்க" என்று வழியனுப்பும்.

அந்தத் தளத்தைத்தான் இப்போது பெரிய மானிட்டரில் திறந்து வைத்துக்கொண்டு சுலோசனா மேடம் உட்கார்ந்திருந்தார். நரைத்த கிராப்பு, காட்டன் புடவை. பாரீசில் பாதி வாழ்க்கை, புதுச்சேரியில் மீதி என்று பக்கிரி விசாரித்துச் சொல்லியிருந்தான்.

"மிசியே வெற்றிச்செல்வன், உக்காருங்க," என்றார். "இந்த ஊர்லேர்ந்து இப்படி ஒரு வேலையை நான் எதிர்பார்க்கலை. அதுவும் அந்தக் கடைசி அறை."

"தேங்க்ஸ் மேடம்."

"அந்த அம்மா யாரு?"

"எந்த அம்மா மேடம்?"

மேடம் சிரித்தார். விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மௌஸை நகர்த்திக் கதவைத் தட்டினார். அபியின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "வாங்க, உள்ள வாங்க."

சற்றுப் பொறுத்து இன்னொரு குரல் வந்தது. வயதான, அவசரமில்லாத குரல்.

"தோ, வந்துட்டேன்மா."

அப்படி ஒரு குரலை அவன் பதிவு செய்யவே இல்லை.

மேடம் ஒவ்வொரு அறையாகக் கடந்து கடைசி அறைக்குப் போனார். அவன் அங்கே வைத்தது ஒரு காலி நாற்காலி. இப்போது அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு. வெள்ளைக் கொண்டை. ஒரு பக்கத்துக் காது மட்டும் தெரிந்தது.

"முகத்தைக் காட்டாம வச்சிருக்கீங்க பாருங்க, அங்கதான் நீங்க ஆர்ட்டிஸ்ட்," என்றார் மேடம். "உங்க ஐடியாதானே?"

யாரோ தளத்துக்குள் புகுந்து விளையாடியிருக்கிறார்கள் என்று அவனுக்குப் பட்டது. ஆனால் எதிரில் இருப்பவர் பாராட்டுகிறார், வேலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. எந்த மடையன் இல்லை என்பான்?

"ஆமா மேடம்," என்றான். "என் ஐடியாதான்."

வெளியே வந்ததும் அவன் நேராக சைக்கிளை மிதித்தது புருஷோத்தமனின் பிரவுசிங் சென்டருக்கு. தளத்தின் பாஸ்வேர்டு தெரிந்த இன்னொரு ஆள் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். கூடப் படித்தவன், ஆனால் போன வருஷம் இதே மாதிரி ஒரு வேலைக்குப் போய்க் கிடைக்காமல் திரும்பி வந்தவன். வயிற்றெரிச்சல் யாரை விட்டது என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே போனான்.

"ஏன்டா இப்படிப் பண்ண?"

"இன்னாடா பண்ணேன்?" புருஷோத்தமன் பொரிவிளங்காய் உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"நடிக்காத. அந்தக் கெழவியை வச்சது நீதானே. அந்தக் குரலு யாரு, உங்க அத்தையா?"

"எந்தக் கெழவி? மச்சான், என் புள்ள மேல ஆணையா நான் உன் சைட்டைத் தொடவே இல்ல."

வெற்றிச்செல்வன் நம்பவில்லை. பக்கத்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, சர்வரில் ஏற்றி வைத்த படங்களைத் தனியாகத் திறந்தான். கடைசி அறையின் படத்தில் நாற்காலி காலியாக இருந்தது. பிறகு தளத்தைத் திறந்து கதவைத் தட்டி, அறை அறையாகக் கடைசி அறைக்குப் போனான்.

அவள் உட்கார்ந்திருந்தாள்.

காலையில் பார்த்ததைவிடக் கொஞ்சம் திரும்பியிருந்தாள். இப்போது காது முழுசாகத் தெரிந்தது. மடல் இழுபட்டு நீண்ட காது, அதில் ஏழு கல் கம்மல், ஒரு கல் விழுந்து குழியாக இருந்தது.

அந்தக் காதை அவனுக்குத் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்காது. ஒரு மத்தியானம் முழுக்க அந்தக் காதின் ஓரத்தைத்தான் மௌஸால் சுற்றிச் சுற்றி வெட்டியிருந்தான். விழுந்த கல்லை நிரப்பட்டுமா என்று வீட்டாரிடம் கேட்டு, வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று அவர்கள் சொல்லி, அப்படியே விட்டிருந்தான்.

"அமிர்தவல்லி அம்மா," என்றான் மெல்ல. "நம்ம கடையில கண்ணீர் அஞ்சலி அடிச்சோமே. பிள்ளைங்க எல்லாம் பிரான்சுல."

புருஷோத்தமன் உருண்டையைக் கீழே வைத்தான். "அது சரி, இந்த வீடு யாரு வீடு? கதவு, ரூமு எல்லாம்?"

"அவங்க வீடுதான். போட்டோ வாங்கிட்டு வர பக்கிரி என்னை அனுப்பினான். சாவுக்கு வந்திருந்த மகன் உள்ள தேடிட்டு இருந்தாரு. வீடு அவ்ளோ அழகா இருந்திச்சு. கடை கேமரா கையில இருந்திச்சு, எடுத்துட்டேன்."

"எப்ப?"

"பொணத்தை எடுத்த அன்னிக்குத்தான். தூக்கிட்டுப் போயி கொஞ்ச நேரந்தான் ஆயிருந்திச்சு. வீடு கூட இன்னும் கழுவலை."

புருஷோத்தமன் அவனையே பார்த்தான். "சாவு வீட்டு வாசல்ல, கழுவறதுக்கு முன்னாடி எடுத்த படம். அதுல உன் தங்கச்சி குரலை வச்சி வாங்க, உள்ள வாங்கன்னு கூப்புடறியா? வெளிய போறப்ப போயிட்டு வாங்கன்னு வேற? ஏன்டா, உனக்குத் தெரியாதாடா?"

தெரியாமலென்ன? தெரியும், நன்றாகவே தெரியும். சாவு வீட்டில் யாரையும் வாங்க என்று கூப்பிடுவதில்லை, கிளம்பும்போது வருகிறேன் என்று யாரும் சொல்வதுமில்லை. பக்கிரி கடையிலேயே அதுதான் பழக்கம். கண்ணீர் அஞ்சலி கொடுக்க வருகிறவர்களைப் பார்த்துத் தலையை மட்டும்தான் ஆட்டுவார்கள். நாள் தவறாமல் அப்படித் தலையாட்டியவன்தான் வெற்றிச்செல்வனும். ஆனால் கம்ப்யூட்டருக்குள் இருப்பதும் ஒரு வாசல்தான் என்று அவனுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்?

"இப்பவே எடுத்துடு மச்சான்," என்றான் புருஷோத்தமன்.

வெற்றிச்செல்வன் அழிக்கத்தான் கையை வைத்தான். அப்போது சட்டைப் பையில் செல்போன் அடித்தது. சுலோசனா மேடம். திங்கட்கிழமை பாரீசிலிருந்து பார்ட்னர் தளத்தைப் பார்க்கப் போகிறாராம், பார்த்ததும் வேலைக்கான ஆர்டர் கையில் வந்துவிடுமாம். "ஒண்ணையும் மாத்திடாதீங்க," என்றார். "குறிப்பா அந்த அம்மாவை."

போனை வைத்துவிட்டு அவன் நண்பனின் முகத்தைப் பார்க்காமல் எழுந்தான்.

"திங்கக்கெழமை முடியட்டும். அன்னிக்கே எடுத்துடறேன்."

"வேணான்டா."

"நீ பேசுவ. உனக்கு வேலை கெடைக்கலை, எனக்குக் கெடைச்சிடக் கூடாது, அதானே?"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே பட்டது. ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நடுவில் இருந்த நாட்களில் அவன் தளத்தின் பக்கமே போகவில்லை. பார்க்காமல் இருந்தால் இல்லை என்று ஆகிவிடும் என்ற நினைப்பு. வீட்டில் எல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தது. ஒன்றே ஒன்று. பரீட்சைக்காக லீவு விட்டிருந்ததால் பகலெல்லாம் தனியாக இருந்த அபி, இரண்டு பேருக்குக் காபி போட ஆரம்பித்திருந்தாள். தூக்கம் வராமல் இருக்க அதிகம் குடிக்கிறாள் என்று அம்மா திட்டினாள். அவனும் அப்படித்தான் நினைத்தான், அல்லது அப்படி நினைக்கப் பிரியப்பட்டான்.

திங்கட்கிழமை மேடம் வாசலிலேயே காத்திருந்தார். கையைக் குலுக்கி உறையைக் கொடுத்தார். அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். சம்பளம், பதவி, கையெழுத்து, எல்லாம் இருந்தது. அம்மாவை இனி கம்பெனிக்கு அனுப்ப வேண்டாம் என்ற நினைப்பு வந்ததும் கண்ணில் தண்ணீர் முட்டியது. இன்றைக்கே தளத்தை அழித்துவிட வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டான்.

"பார்ட்னருக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு," என்றார் மேடம். "அதுவும் நேத்து நீங்க சேர்த்த புது அறை. அது உங்க வீடா?"

"புது அறையா?"

மேடம் மானிட்டரைத் திருப்பினார். கடைசி அறையின் நாற்காலி காலியாக இருந்தது. அதற்குப் பின்னால், அவன் வைக்காத ஒரு கதவு திறந்திருந்தது. மேடம் அதற்குள் போனார்.

படம் பச்சையாகக் கலங்கித் தெரிந்தது. கொசுவலைக்கு உள்ளே படுத்துக்கொண்டு வெளியே பார்ப்பது போல எடுத்த படம். வலைக்கு அப்பால் தரையில் புத்தகத்தை விரித்து ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு டம்ளர். சுவரில் அப்பாவின் போட்டோ.

"லைட்டிங் பிரமாதம்," என்றார் மேடம். "யாரு அந்தப் பொண்ணு?"

உறை கீழே விழுந்ததும் அவனுக்குத் தெரியாது. முதலியார்பேட்டை வரைக்கும் எப்படி சைக்கிள் மிதித்தான், எந்த பஸ் எந்தப் பக்கம் வந்தது, ஒன்றும் நினைவில்லை. பட்டப்பகல். தெருக் குழாயில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது.

அபி தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள்.

அவன் வாசலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது.

"அபி, இங்க யாராச்சும் வந்தாங்களா?"

"உங்க ஆபீஸ் அம்மா ஒருத்தங்க வர்றாங்களே, அவங்கதான். டெய்லி மத்தியானம் வருவாங்க. நான்தான் அவங்களை வாங்கன்னு கூப்ட்டனாம், மறுக்க முடியலையாம்." புத்தகத்திலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. "பாவம்ணா, புள்ளைங்க எல்லாம் வெளிநாட்டுலயாம். நாம கூப்ட்டு அவங்க வந்துட்டாங்க இல்ல, பதிலுக்கு நாம அவங்க வீட்டுக்குப் போவணுமாம். அதான் மொறையாம். இன்னிக்கு வா போவலாம்னு கூப்ட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பரீட்ச இருக்கு, இப்ப வர முடியாதுன்னேன்."

"நல்லது. நல்லதும்மா. போயிட்டாங்களா?"

அபி முதல் தடவையாகத் தலையைத் தூக்கினாள். உதட்டில் விரலை வைத்து, கட்டிலைக் கண்ணால் காட்டினாள். பட்டப்பகலில் யாரும் கட்டாத கொசுவலை நாலு பக்கமும் இறக்கிச் செருகியிருந்தது.

"சரி, பரீட்ச முடியற வரைக்கும் இங்கயே இருக்கேன்னுட்டாங்க," என்றாள் ரகசியமாக. "மெதுவா பேசுண்ணா. தூங்கறாங்க."