காத்தான் மடை

தஞ்சைப் பக்கத்துப் பேய்கள் அனைத்தையும் தனி ஆளாக ஒழித்தவன் நான். கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில், மூன்றே பக்கக் கட்டுரையில். மிச்சமிருந்தது ஒன்றுதான். எங்கள் ஊர் மடையில்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். கூலி உயர்வு கேட்டுப் போராடிய வருடம், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் காத்தானைப் பண்ணையார் ஆட்கள் தோளில் அடித்து வாய்க்காலில் தள்ளினார்கள். ஒற்றைக் கையால் அவரால் கரையேற முடியவில்லை. அன்றிலிருந்து யார் மடைப்பலகையைத் தூக்கினாலும், "காத்தாண்ணே, தண்ணி விடவா?" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குவார்கள்.

இந்த ஆனியில் நான் கேட்கவில்லை. "அண்ணன் இன்னிக்கு லீவு" என்று சொல்லிப் பலகையை இழுத்தேன்.

பலகை என்னை இழுத்தது. வலது தோள் கழன்றது.

காப்பீட்டு அட்டையோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெளிச்சமான வார்டு, பினாயில் வாசனை. டாக்டர் கல்யாணம் விளக்கினார்: தோளில் மூன்று சின்னத் துளை, ஒன்றில் கேமரா. மூட்டு நன்றாகத் தெரிய பம்ப் வைத்து உப்புத் தண்ணீர் விடுவார்கள்.

"தண்ணி விடுவீங்களா?" அம்மா தங்கம்மாளின் முகம் வெளிறியது. என் காதருகே குனிந்தாள். "தம்பி, ஒரு வார்த்தை கேட்டுடுடா."

"ஆபரேஷன் தியேட்டர்ல மடை இல்லம்மா."

காலை ஒன்பதுக்கு எல்லாம் முடிந்தது. பதினொன்றுக்குத் தோள் பூசணிக்காய் அளவு வீங்கியிருந்தது. ஊசி போட்டு மரத்த கை யாருடையதோபோல் பக்கத்தில் கிடந்தது.

"தண்ணி தசைக்குள்ள கசிஞ்சிருக்கு. ரொம்ப அபூர்வமா இப்படி ஆகும். தானா வத்திடும்" என்றார் டாக்டர்.

வற்றவில்லை.

இரண்டு மணிக்குக் கழுத்து. மூன்றுக்குத் தாடை. மூச்சு விசிலடித்தது.

டாக்டர் நர்ஸிடம் கிசுகிசுத்தார். "பம்ப்பை நிறுத்தி ஆறு மணி நேரம் ஆச்சு. தண்ணி எங்கேருந்துங்க ஏறுது? இன்னும் ஏறினா மூச்சு அடைச்சிடும். தொண்டைக்குக் குழாய் எடுங்க."

கட்டு நனைந்து தரையில் சொட்டியது. பினாயிலை மீறி ஒரு வாசனை.

வாய்க்கால் வண்டல்.

அம்மா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். உதடு அசைந்தது. அவ்வளவுதான்.

குழாய் வருவதற்குள் வீக்கம் வடியத் தொடங்கியது.

ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டேன். பேய் ஒழிப்பின் இரண்டாம் பாகம் கேட்கிறார்கள். எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். காலையில் குளியலறைக் குழாயில் கை வைக்குமுன், பக்கத்து அறையில் ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்கிறேன்.

பதில் வந்த பிறகுதான் திறக்கிறேன்.